கல்லாப்பெட்டிக்கு விலை சொல்வது எப்படி?

பழைய மரச்சாமான் என்று பேச்செடுத்தால் தமிழ்நாட்டில் எல்லோரும் காரைக்குடிப் பக்கம்தான் கை காட்டுகிறார்கள். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளும் பர்மாத் தேக்குத் தூண்களும் பெல்ஜியம் கண்ணாடிகளும் அந்த ஊருக்குத் தேடித் தந்த பெயர் நியாயமானது. ஆனால் செட்டிநாட்டு அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டு விருதுநகருக்கோ சிவகாசிக்கோ சாத்தூருக்கோ வந்தால் கணக்கு தப்பிவிடுகிறது. சித்திர வேலைப்பாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், இல்லை. பர்மாத் தேக்கா என்று கேட்கிறார்கள், பாதிக்கு மேல் இல்லை. உடனே, "அப்படியானால் மரவிலைதான்" என்று முடிவாகிவிடுகிறது. எழுபது ஆண்டுகள் உழைத்த மேசை கன அடிக் கணக்கில் அளக்கப்பட்டு, அறுக்கப்பட்டு, ஜன்னல் சட்டமாகிறது.

1940 முதல் 1970 வரையிலான முப்பது ஆண்டுகளில் செய்யப்பட்ட மரச்சாமான்களே இந்தக் கட்டுரையின் பொருள். உலகச் சந்தையில் அந்தக் காலத்துச் சாமான்களுக்குத் தனி மதிப்பு உண்டு. நேர்கோடு, மெலிந்த கால், அலங்காரம் குறைவு, பயன்பாடு முதன்மை என்பவை அதன் அடையாளங்கள். விருதுநகர் வட்டாரத்திலும் அதே முப்பது ஆண்டுகளில் மரவேலை ஏராளமாக நடந்தது. ஆனால் அந்த மரம் வீட்டுக் கூடத்துக்குப் போனதைவிடக் கமிஷன் மண்டிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அச்சகத்துக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் அதிகமாகப் போனது. தொழிலுக்கும் பொதுக் காரியத்துக்கும் செய்த சாமான் அது. அதை மதிப்பிட வேறு கண் வேண்டும். யார் செய்வித்தார்கள், எதற்காக, என்ன எழுதி வைத்தார்கள், எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் மரத்தின் கன அளவுக்கு இணையாக, சில சமயம் அதற்கு மேலாகவே, விலையில் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த முப்பது ஆண்டுகளிலும் அதற்குச் சற்று முன்னும் இங்கே நடந்தவற்றைப் பார்த்தால் சாமான்கள் எங்கிருந்து வந்தன என்பது புரியும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, 1923-ல் சிவகாசியில் தொழிற்சாலை தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அதனால் அச்சகம் வந்தது. 1940-ல் வெடிபொருள் விதிகள் உரிம முறையைக் கொண்டுவந்தபின் பட்டாசு ஆலைகள் ஒழுங்குபட்டுப் பெருகின. ஒவ்வொரு ஆலைக்கும் ஆபீஸ் மேசை, கணக்கர் ஸ்டூல், பேரேடு அடுக்கும் அலமாரி எல்லாம் தேவைப்பட்டன. விருதுநகரில் மிளகாய் வற்றல், பருப்பு, எண்ணெய் வியாபாரம் விரிந்தது. தரையில் மெத்தையும் திண்டும் போட்டு, மடிக்கு முன்னே சாய்வுப் பலகை வைத்த கல்லாப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த கடைகள் மெல்ல மெல்ல நாற்காலிக்கும் டிராயர் வைத்த மேசைக்கும் மாறின. அந்த மாற்றத்தின் நடுவில் செய்யப்பட்ட சாமான்கள்தாம் இந்த வட்டாரத்துக்கே உரியவை. மேலே பழைய கல்லாப்பெட்டியின் சாய்வு மூடி, கீழே நான்கு நேர்க்கால் என்று, தரையிலிருந்து எழுந்து நின்ற கல்லாப்பெட்டிகள் சில என் கண்ணில் பட்டிருக்கின்றன. அவற்றைக் கண்டால் விடக்கூடாது. ஒரு வியாபாரச் சமூகம் உட்காரும் விதத்தையே மாற்றிக்கொண்டதற்கு அவை சாட்சி.

பள்ளிக்கூடங்களின் கதை இன்னும் பெரியது. காமராசர் 1954 ஏப்ரலிலிருந்து 1963 அக்டோபர் வரை முதலமைச்சராக இருந்தார். அந்த ஆண்டுகளில் பள்ளிகள் ஊருக்கு ஊர் திறக்கப்பட்டன. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958-லிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். அரசு கொடுக்க முடியாததை ஊரார் கொடுக்கட்டும் என்பது அதன் நோக்கம். பெஞ்சு, மேசை, நாற்காலி, கரும்பலகை, சுவர்க்கடிகாரம் என்று மக்கள் கொண்டுவந்து குவித்தார்கள். விருதுநகரில் இது புதிய பழக்கமும் அல்ல. வியாபாரிகள் தங்களுக்குள் வசூலித்த மகமைப் பணத்திலும் வீட்டுக்கு வீடு சேர்த்த பிடி அரிசியிலும் பள்ளி நடத்திய ஊர் அது. காமராசரே படித்த க்ஷத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்த பள்ளி. ஆகவே இந்த வட்டாரத்துப் பழைய பெஞ்சுகளில் "உபயம்" என்று தொடங்கும் ஒரு வரி இருந்தால் வியப்பில்லை. பெயர், ஊர், சில நேரம் ஆண்டு. எனாமல் பெயிண்டில் எழுதியிருக்கும், அல்லது உளியால் செதுக்கியிருக்கும். வெளிநாட்டுச் சந்தையில் வடிவமைப்பாளர் கையெழுத்துக்கு என்ன இடமோ, அந்த இடத்தை இங்கே உபய வரிக்குத் தரலாம். வாங்கியவர்கள் முதல் வேலையாக அதைத் தேய்த்து அழித்துவிடுகிறார்கள் என்பதுதான் வேதனை.

காலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? மரத்தை வைத்து வயது சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஊகம்தான் சொல்கிறார்கள். எழுத்தும் இரும்பும் பசையும் மரத்தைவிட நேர்மையாகப் பேசும்.

எழுத்திலிருந்து தொடங்கலாம். உபய வரியில் தமிழ் வருஷப் பெயர் இருந்தால் நல்லது, ஆனால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்பி வரும். விஜய என்றால் 1953-54, மன்மத என்றால் 1955-56, விளம்பி என்றால் 1958-59, சோபகிருது என்றால் 1963-64. அதே சோபகிருது 1903-லும் வந்தது, 2023-லும் வந்தது. எனவே வேறு சான்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். எழுத்து வடிவம் அந்தச் சான்றைத் தரும். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற கொம்போடு எழுதப்பட்டன, ணா, றா, னா ஆகியவை சுழித்து எழுதப்பட்டன. பழைய வடிவம் இருந்தால் அநேகமாக 1980-க்கு முந்தையது. கை பழகிய முதியவர்கள் பின்னாலும் அப்படியே எழுதினார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஊர் முகவரி இன்னும் கூர்மையானது. விருதுபட்டி என்று இருந்தால் பெயர் மாறிய 1923-க்கு முன் போகலாம். இராமநாதபுரம் ஜில்லா என்று இருந்தால், விருதுநகர் தனி மாவட்டமான 1985-க்கு முந்தையது. சென்னை ராஜ்யம் என்று இருந்தால், மாநிலத்தின் பெயர் மாறிய 1969 ஜனவரிக்கு முந்தையது. கடைக்காரர் ஒட்டிய தகரப் பட்டையிலோ காகித லேபிளிலோ ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்கு முன் அந்த லேபிள் அச்சாகியிருக்க முடியாது. அதைக் காட்டி "சுதந்திரத்துக்கு முந்தைய சாமான்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

ரயில்வேச் சாமான்களுக்குத் தனிக் கணக்கு. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-ல் பாதை திறந்ததிலிருந்து விருதுநகர் ரயிலோடு வளர்ந்த ஊர். பழைய தென்னிந்திய ரயில்வேயின் எஸ்.ஐ.ஆர். என்ற மூன்றெழுத்து பொறித்த பெஞ்சுகளும் சாய்வு நாற்காலிகளும் ஏலத்தில் போய் வீடுகளில் தங்கியிருக்கின்றன. அந்த நிறுவனம் 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வேயில் இணைந்தது. ஆகவே உண்மையான எஸ்.ஐ.ஆர். முத்திரை அதற்கு முந்தையது. முத்திரை மரத்திலேயே பொறிக்கப்பட்டு, அதன் பள்ளத்துக்குள்ளும் பழைய அழுக்கும் பாலிஷும் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பித்தளைத் தகட்டில் எழுத்து மட்டும் பளபளத்து, தகட்டைப் பிடித்திருக்கும் திருகாணியும் புதிதாக இருந்தால் கையை எடுத்துக்கொள்ளலாம்.

திருகாணியைப் பற்றிச் சொன்னதால் அதையும் முடித்துவிடலாம். அந்தக் காலத்துத் திருகாணியின் தலையில் ஒரே ஒரு வெட்டு இருக்கும். கூட்டல் குறி வெட்டு உள்ளவை நம் ஊர்த் தச்சுப்பட்டறைகளுக்கு வெகு பின்னால் வந்தவை. ஒரு சாமானில் ஒன்றிரண்டு கூட்டல் குறித் திருகாணிகள் இருந்தால் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். எல்லாமே அப்படி என்றால் சாமானே புதிது. பசை இதைவிட நல்ல சாட்சி. மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சிய வஜ்ரத்தைத்தான் பழைய ஆசாரிகள் பயன்படுத்தினார்கள். பொருத்துகளின் உள்மூலையில் அது தேன் நிறத்தில் கண்ணாடி போல உடையும், வெந்நீர் பட்டால் இளகி ஒருவித மாமிச வாடை அடிக்கும். வெள்ளைப் பசையான ஃபெவிகால் 1959-ல் வந்து, படிப்படியாக வஜ்ரத்தின் இடத்தைப் பிடித்தது. மேற்பலகையில் சன்மைக்கா ஒட்டியிருந்தால் அறுபதுகளுக்கு முன் தேடவே வேண்டாம். ஆனால் ஐம்பதுகளின் நல்ல தேக்கு மேசைமேல் எழுபதுகளில் சன்மைக்கா ஒட்டிய வழக்கம் உண்டு. ஓரத்தில் கொஞ்சம் பெயர்த்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ள வேலை.

டிராயருக்குள் விரித்த காகிதத்தை யாரும் கவனிப்பதில்லை. நாளிதழோ, சிவகாசி என்றால் அச்சகத்தில் கழித்துப்போட்ட லேபிள் தாளோ, காலண்டர் படமோ அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். மேல் அடுக்கு எதையும் நிரூபிக்காது. அடி அடுக்குதான் முக்கியம். டிராயர் செய்து சில ஆண்டுகளுக்குள் அது விரிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தாளே மதிப்புள்ளதாகவும் இருக்கலாம். வெட்டாத தீப்பெட்டி லேபிள் தாளைத் தேடுகிற சேகரிப்பாளர்கள் உலகம் முழுதும் இருக்கிறார்கள். கோவில்பட்டி தேவி ஆர்ட் ஸ்டுடியோவின் சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான தெய்வப் படங்கள் இன்று கலை வரலாற்று ஆய்வுக்கே பொருளாகியிருக்கின்றன. பீரோவை வாங்கியவர் உள்ளே இருந்த தாளைக் கிழித்து எறிவது இரட்டை நஷ்டம்.

இனி மரம். எல்லாவற்றையும் தேக்கு என்பதும், கறுத்ததையெல்லாம் ஈட்டி என்பதும் விற்பவர் வழக்கம். மேலே பாலிஷ் மறைத்துவிடுவதால் அடிப்பலகையிலும் காலின் வெட்டுமுனையிலும் பார்க்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்து, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால் தேக்கின் வெட்டுமுனையில் துவாரங்கள் வளைய வளையமாக வரிசை கட்டி நிற்கும். தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு, சுரண்டினால் பதனிட்ட தோலின் வாசனை. ஈட்டியில் துவாரங்கள் வளையம் கட்டாமல் சிதறிக் கிடக்கும், ஊதா கலந்த பழுப்பில் கறுப்புக் கோடுகள் ஓடும், எடையும் கூடுதல். வாகையை ஈட்டி என்று சொல்லி விற்பது சாதாரணமாக நடக்கிறது. வாகையின் வைரம் அழகான பழுப்புதான், ஆனால் அந்த ஊதாச் சாயல் வராது, வெள்ளைப்பகுதிக்கும் வைரத்துக்கும் நடுவே எல்லைக்கோடு சட்டென்று தெரியும். பலா முதலில் மஞ்சளாக இருந்து, ஆண்டுகள் போகப் போகச் செம்பழுப்பாகும், கீறினால் உள்ளே மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

பர்மாத் தேக்கு என்ற சொல்லுக்கு மயங்காமல் இருக்க வரலாறு உதவும். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. மரம் ஏற்றி வந்த கப்பல்கள் நின்றன. போருக்குப் பின் வரத்து மீண்டாலும் 1948-ல் பர்மா விடுதலை பெற்று மரத் தொழிலை அரசுடைமை ஆக்கியது, 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. ஐம்பதுகளில் விருதுநகர் ஆசாரியிடம் போன தேக்கு செங்கோட்டை வழியாக வந்த மலைநாட்டுத் தேக்காக இருக்க வாய்ப்பு அதிகம், அல்லது இடித்த வீட்டிலிருந்து எடுத்த பழைய மரமாக இருக்கும். இரண்டாவது வகையில் சம்பந்தமில்லாத இடத்தில் பழைய துளைகளும் அடைப்புகளும் தெரியும். அதைக் குறையாக எண்ணக்கூடாது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் ஓர் உத்தரத்தை மேசையாக்கிய கைத்திறன் அது.

தேக்கு அல்லாதவற்றை ஒதுக்குவதுதான் எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். இது கரிசல் பூமி, மழை குறைந்த இடம். கண்மாய்க் கரையில் நின்ற பூவரசும் வாசலில் நின்ற வேம்பும் ஓடைக்கரை வாகையும்தான் ஊர் ஆசாரியின் கைக்கு எட்டிய மரங்கள். வண்டிச் சக்கரத்துக்கு உழைத்த பூவரசில் செய்த ஸ்டூல் மூன்று தலைமுறை தாங்கும். வேம்பில் செய்த அலமாரியைப் பூச்சி எளிதில் தொடாது. உள்ளூர் மரத்தில், உள்ளூர் கையால், உள்ளூர்த் தொழிலுக்குச் செய்த சாமானுக்குத் தேக்கைவிடக் குறைவாக விலை சொல்வது மரவியாபாரியின் நியாயம். சேகரிப்பவருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

செய்நேர்த்தியைப் பார்க்கச் சாமானைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். முகப்பை எல்லோரும் இழைப்பார்கள். அடியில்தான் வேலைக்காரன் தெரிவான். கை ரம்பம் சாய்ந்தும் ஒழுங்கின்றியும் கோடு போடும், வட்ட ரம்பம் வளைகோடு போடும், கை இழைப்புளி மேலோட்டமான அலை போன்ற தடம் விடும். விரலை வைத்து மெல்ல நகர்த்தினால் அந்த அலை தட்டுப்படும். நாற்காலியின் குறுக்குச் சட்டம் காலோடு சேரும் இடத்தில் கழுந்து செதுக்கித் துளையில் இறக்கி, குறுக்கே மூங்கில் ஆணி அடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஆணியின் தலை இன்று கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தால் மகிழலாம். சுற்றியுள்ள மரம் குறுக்குவாட்டில் சுருங்கியும் ஆணி நீளவாட்டில் சுருங்காமல் நின்றதன் விளைவு அது, ஐந்தாறு ஆண்டில் வராது. இந்த வட்டாரத்தின் வறண்ட வெயிலில் மரம் நன்றாகவே சுருங்கும். கேரளத்தின் ஈரக்காற்றில் செய்து இங்கே கொண்டுவந்த சாமான்களில் பலகைகளுக்கு இடையே சந்து விழுவதும் அதனால்தான்.

தேய்மானத்தைப் படிப்பது தனிக் கலை. மண்டியில் இருந்த கல்லாப்பெட்டி என்றால் காசு போடும் துளையின் ஓரம் வழுவழுப்பாகக் குழிந்திருக்கும். மூடியைத் தூக்கும் வலது கைப்பக்க விளிம்பு இடப்பக்கத்தைவிட அதிகம் தேய்ந்திருக்கும். மூடியின் மேல் பாதியில் பேரேட்டின் அடி உரசிய தடம் இருக்கும். உள்ளே கிண்ணம் போலக் குடைந்த காசுக் குழிகளின் அடியில் செம்பின் பச்சையோ வெண்கலக் கறையோ படிந்திருக்கும். "அணாவுக்குச் செய்த குழி, அதனால் 1957-க்கு முந்தையது" என்று விற்பவர் சொல்வார். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது உண்மை. ஆனால் பழைய அமைப்பிலேயே பழகிய ஆசாரி பின்னாலும் அதே குழிகளைத்தான் குடைந்தார். இதை வைத்து வயதும் சொல்ல முடியாது, விலை கூட்டவும் முடியாது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில், சமமாக, மணல்தாளால் தேய்த்த மாதிரி மழுங்கியிருந்தால் அது மனிதக் கை செய்த தேய்மானம் அல்ல.

பழைய பாலிஷ் அரக்கில் செய்தது. கொம்பரக்கையோ சந்திரசையோ ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் ஏற்றுவார்கள். மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்தால் அரக்கு இளகிப் பஞ்சில் ஒட்டும். இக்காலத்து மெலமின், பி.யூ. பூச்சுகள் அசையாது. பழைய அரக்கு இருந்தால் அதைத் துடைத்து, மெழுகிட்டு நிறுத்திக்கொள்வதே முறை. முழுக்கச் சுரண்டி, புதுப் பூச்சு அடித்த சாமான் பார்வைக்குப் புதிதாகும், மதிப்பில் கணிசமாக இறங்கும். பிரம்புப் பின்னல் விஷயத்தில் அப்படியில்லை. பிரம்பு தேயும் பொருள், மாற்றுவது இயல்பு. அதனால் மதிப்புக் குறையாது. பிரம்பின் இடத்தில் பிளாஸ்டிக் ஒயர் ஏறியிருந்தால் பின்னுகிறவரைக் கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளலாம். வளைத்த கம்பிச் சட்டத்தில் ஒயர் பின்னிய இரும்பு நாற்காலி என்றால் அது வேறு. பிறந்ததே ஒயரோடு என்பதால் அதை அப்படியே வைக்க வேண்டும். இன்றைக்கு எடைக்குப் போடுகிறார்கள். இரும்பு பீரோவின் கதியும் அதுதான். காட்ரேஜ் நிறுவனம் 1923-லிருந்து இரும்பு அலமாரி செய்கிறது. பூட்டிலும் கதவிலும் பெயர் இருக்கிற பழைய பீரோவுக்கும், அதைப் பார்த்துத் தகரத்தில் செய்த உள்ளூர் பீரோவுக்கும் ஒரே கிலோ விலை கிடைப்பது சரியல்ல.

விலைக்கு வருவோம். அடிவிலை எது என்று முதலில் தெரிய வேண்டும். ஐந்தடிக்கு இரண்டரையடி, ஓர் அங்குலக் கனமுள்ள மேற்பலகை, மூன்றங்குலச் சதுரக் கால் நான்கு, சுற்றுச் சட்டம் நான்கங்குல அகலம் ஓர் அங்குலக் கனம் என்று ஓர் ஆபீஸ் மேசையை எடுத்துக்கொள்வோம். மேற்பலகை ஏறக்குறைய 1.04 கன அடி, கால்கள் இரண்டரையடி உயரத்துக்கு 0.63, சட்டம் 0.42. மொத்தம் 2 கன அடிக்குச் சற்று மேல். தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ. எனவே மேசை 38 கிலோ அளவில் இருக்க வேண்டும். இரண்டு பேர் தூக்கும்போது மிக இலேசாக இருந்தால் மரம் தேக்கு இல்லை, அல்லது உள்ளே வேறு பலகை இருக்கிறது. இந்த 2 கன அடியை அன்றைய பழைய மர விலையால் பெருக்கினால் வருவது அடிவிலை. மரக்கடைக்காரர் அதிலும் ஆணித்துளைக்கும் துண்டு நீளத்துக்கும் கழித்துக்கொண்டே தருவார். விற்பவர் இதற்குக் கீழே இறங்கவே கூடாது. வாங்குபவர் இதுதான் முழு விலை என்று நினைக்கவும் கூடாது.

அதற்கு மேல் எவ்வளவு கூட்டுவது? நான் முதலில் பார்ப்பது எழுத்து. ஆண்டோடு உபய வரி, நிறுவனத்தின் முத்திரை, செய்த கடையின் தகடு இவற்றில் ஒன்று தெளிவாக இருந்தாலே அடிவிலை சில மடங்கு உயர நியாயம் உண்டு. சென்னை மவுண்ட் ரோடு கர்ஸன் கம்பெனி போன்ற கடைகளின் தகடு இருந்தால் நகரச் சேகரிப்பாளர்கள் தேடி வருவார்கள். அடுத்தது முழுமை. ஒரு கால் மாற்றிய மேசைக்கும் எல்லாக் காலும் அசலான மேசைக்கும் வித்தியாசம் பெரிது. பூட்டும் சாவியும் அசலாக இருப்பது கல்லாப்பெட்டிக்கு முக்கியம். தொகுதியாகக் கிடைப்பதற்குத் தனி மதிப்பு. ஆறு நாற்காலி சேர்ந்து வந்தால் ஒற்றை நாற்காலியின் விலையை ஆறால் பெருக்கியதைவிட அதிகம் கேட்கலாம், ஏனெனில் பாகப்பிரிவினையில் இவை வீட்டுக்கு ஒன்றாகச் சிதறிவிடுவதால் முழுத் தொகுதி அரிது. இடமும் விலையை மாற்றும். விருதுநகரில் கைமாறும் விலைக்கும் காரைக்குடியில் கேட்கும் விலைக்கும் சென்னையில் ஒட்டியிருக்கும் விலைக்கும் நடுவே வண்டி வாடகை, பழுதுபார்ப்பு, மாதக்கணக்கில் கடையில் கிடக்கும் முடக்கம் எல்லாம் இருக்கின்றன. சென்னைக் கடையின் விலைச்சீட்டைக் காட்டி ஊரில் அதே தொகை கேட்பது நடக்காது.

பொதுச் சாமான் எவ்வளவு தூரம் மதிப்பு ஏறும் என்பதற்குச் சண்டிகர் எடுத்துக்காட்டு. லெ கார்பூசியே கட்டிய அந்த நகரத்தின் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஐம்பதுகளில் அவருடைய உறவினர் பியர் ஜெனரே தேக்கிலும் பிரம்பிலும் எளிய நாற்காலிகளை வடிவமைத்தார். உள்ளூர்ப் பட்டறைகள் அவற்றைச் செய்தன. பின்னாளில் அவை உடைந்த சாமானாக மாடியில் குவிந்து, ஏலத்தில் சில நூறு ரூபாய்க்குப் போயின. வாங்கிச் சென்ற ஐரோப்பிய வியாபாரிகள் செப்பனிட்டுப் பாரிசிலும் நியூயார்க்கிலும் லட்சக்கணக்கில் விற்றார்கள். 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்பதற்கும் வெளியே அனுப்புவதற்கும் தடை சொன்னபோது பெரும்பகுதி போயிருந்தது. அந்த நாற்காலிகளின் முதுகில் பெயிண்டில் எழுதிய அலுவலகச் சரக்கு எண்கள்தாம் இன்று அசல் என்பதற்கு முதல் அடையாளம். நம் பக்கத்தில் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இருக்கிறது. 1930களின் இறுதியில் கட்டடக் கலைஞர் அன்டனின் ரேமண்டின் சார்பில் வந்து அந்தக் கட்டடப் பணியை நடத்திய ஜார்ஜ் நகாஷிமா, பின்னர் உலகப் புகழ்பெற்ற மரவேலைக் கலைஞரானார். அங்கே அன்று செய்த தேக்குச் சாமான்களை ஆசிரமம் இன்றும் புழக்கத்தில் வைத்திருக்கிறது. ஒன்றை விற்றுத் தொலைத்தார்கள், மற்றொன்றைப் பயன்படுத்தியே காத்தார்கள்.

சட்டம் இந்த முப்பது ஆண்டுச் சாமான்களைக் காக்காது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் நூறு ஆண்டு கடந்த பொருளைத்தான் பொதுவாகத் தொல்பொருள் என்கிறது. 1958-ல் செய்த பெஞ்சு 2058-ல்தான் அந்த வயதை எட்டும். அதுவரை அதை எவரும் வாங்கலாம், விற்கலாம், அறுக்கலாம். ஈட்டி மரத்துக்கு மட்டும் வேறு தடை உண்டு. அந்தப் பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தில் சேர்ந்திருப்பதால், ஈட்டியில் செய்த பெரிய சாமானை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப உரிய அனுமதி வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கை பாக்கி இருக்கிறது. தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளின் வேலைக்கூடத்திலிருந்து வரும் மேசை, தட்டு, குச்சி அடுக்கும் சட்டம் ஆகியவற்றைச் சாதாரண மரமாக நினைக்கக்கூடாது. தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. அது ஊறிக் காய்ந்த மரம் உரசலிலேயே பற்றக்கூடியது. பட்டாசுக் கூடத்துச் சாமானின் வெடிப்புகளில் அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் தங்கியிருக்கலாம். இவற்றைக் காய்ந்த நிலையில் மணல்தாள் போடுவதும் மின் இழைப்பு எந்திரத்தில் கொடுப்பதும் உயிரோடு விளையாடுவது. ஆபீஸ் அறைச் சாமானை வாங்கலாம். மருந்துக் கூடத்துச் சாமானை, அழகாக இருக்கிறது என்பதற்காக, வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்பதே என் கருத்து.

அச்சகத்து எழுத்துக் கேஸ்களுக்கும் ஒரு கவனம் வேண்டும். ஆஃப்செட் வந்தபின் சிவகாசியில் ஈய எழுத்தை உருக்குக்கு விற்றார்கள், அதை வைத்திருந்த ஆழமில்லாத மரத்தட்டுகள் மிஞ்சின. தமிழின் உயிர்மெய் வரிசைக்கு ஏற்றபடி ஆங்கிலக் கேஸைவிட அதிகமான சிறு அறைகள் உள்ளவை அவை. அறைகளின் ஓரத்தில் பழைய வடிவ லை, றா எழுத்துகளைக் கையால் எழுதி ஒட்டிய துண்டுச்சீட்டு இருந்தால், தமிழ் அச்சு வரலாற்றின் ஆவணமே கையில் இருக்கிறது. சுவரில் மாட்ட நகரத்தில் விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் மூலைகளில் ஈயத்தூள் படிந்திருக்கும். உலர்ந்த தூரிகையால் தட்டாமல் ஈரத்துணியால் பலமுறை துடைக்க வேண்டும். அஞ்சறைப்பெட்டி போல மசாலா வைக்கவும் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் வைக்கவும் அது ஏற்றதல்ல. சீட்டுகளைப் பெயர்க்கவும் கூடாது.

விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை அகழாய்வில் ஒரு சங்கு வளையல் துண்டு கிடைத்தாலும் அளந்து, எண்ணிட்டு, படமெடுத்தார்கள். இதே மாவட்டத்துப் பள்ளிகளும் உறவின்முறை என்னும் சமூகச் சங்கங்களின் கட்டடங்களும் வங்கிகளும் ஆண்டுதோறும் கழிவுப் பட்டியல் போட்டு ஏலம் விடும் சாமான்களுக்கு அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். ஏலத்துக்கு முன் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் படமெடுக்கலாம். உபய வரியை உள்ளது உள்ளபடி, பழைய எழுத்தும் பிழையும் திருத்தாமல், பதிவேட்டில் எழுதலாம். நீள அகல உயரத்தை அங்குலத்தில் குறிக்கலாம், எந்த அறையில் இருந்தது என்பதைப் பழைய ஆசிரியரிடமோ பியூனிடமோ கேட்டு எழுதலாம். வகைக்கு ஒன்றை எடுத்து வைத்து, விருதுநகர் அரசு அருங்காட்சியகம் ஏற்றுக்கொள்ளுமா என்று ஒரு கடிதம் போடலாம். மீதியை ஏலம் விடும்போது அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலையும் வாங்குகிறவர் கையில் கொடுத்தால், அடுத்த கைக்குப் போகும்போது அந்தக் காகிதத்துக்கும் சேர்த்து விலை வரும்.